நானூறு வேண்டாம் என்றான் எமில்

எமில் ஹுடாக் தன் வாயாலேயே முன்னூற்றைம்பதைச் சிபாரிசு செய்தபோது, கல்லாவில் உட்கார்ந்து உதிரிபாகங்களுக்கு ஆர்டர் எழுதிக்கொண்டிருந்த அவன் மனைவி லொரெட்டாவின் பேனா பாதி எழுத்தில் நின்றுவிட்டது.

எதிரே நின்ற ரூடி வானெக்கும் திகைத்துத்தான் போனான். அவனுடைய 1970 ஷெவெல் காரின் சொந்த இன்ஜின் ஜனவரிக் குளிரில் செத்துப்போயிருந்தது. உறையாத திரவம் ஊற்றாமல் வெறும் தண்ணீரை விட்டு வைத்திருந்தான்; அது பனிக்கட்டியாகி இரும்பைப் பிளந்துவிட்டது. குற்றவாளி அவனேதான் என்பதால் யாரையும் திட்ட வழியில்லை. இப்போது மார்ச் மாதம். ஜூன் எட்டாம் தேதி மகள் ரெனேக்குக் கல்யாணம். தேவாலயத்திலிருந்து விருந்து மண்டபம் வரை மணப்பெண்ணை அந்த ஷெவெலில்தான் அழைத்துப்போவது என்று ரூடி ஒற்றைக்காலில் நின்றான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவன் இர்மாவைக் கட்டிக்கொண்டு வந்ததும் அதே காரில்தான். இர்மா போய் நாலு வருஷமாகிறது.

எமிலின் பட்டறைத் தரையில் இரண்டு இன்ஜின் பிளாக்குகள் கிடந்தன. ஒன்று ஒரு பழைய பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய முன்னூற்றைம்பது. இன்னொன்று ஒரு குடும்ப வேனிலிருந்து வந்த நானூறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதே நீளம், அதே அகலம், காரில் உட்காரும் இடமும் அதே. வித்தியாசமெல்லாம் வயிற்றுக்குள் இருந்தது. ஒன்றுக்கு முன்னூற்றைம்பது கன அங்குலம் கொள்ளளவு, மற்றதற்கு நானூறு. பெரிய பிளாக் என்று இன்னொரு ரகம் உண்டு, அதை வாங்கிப் போட்டால் காரின் மூக்கு கனத்து வளைவில் திரும்பாது; சின்ன பிளாக்கின் சட்டைக்குள் பெரிய உடம்பைத் திணித்த இந்த நானூறுதான் சாமர்த்தியம் என்பது எமிலின் வேதம். இருபத்தாறு வருஷமாக அதை ஓதி வந்தான். முடிவெட்டும் கடையில் ஓதினான், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் வரிசையில் ஓதினான். பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பாதிரியாரின் பழைய காருக்கு நானூறு போடச் சொல்லிவிட்டு வந்தவன் என்று யங்ஸ்டவுன் வட்டாரத்தில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் கதை உண்மை. லொரெட்டா அடுத்த ஆளாக வரிசையில் நின்றிருந்தாள்.

அப்பேர்ப்பட்டவன்தான் இன்று கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி, ரூடியின் முகத்தைப் பார்க்காமல், சின்னதை எடுத்துக்கொள் என்கிறான்.

"என்னடா, காய்ச்சலா உனக்கு?" என்றான் ரூடி. "நீயா முன்னூத்தம்பதுங்கற?"

"கல்யாணத்துக்கு உருட்டிக்கிட்டுப் போற வண்டிடா. அதுக்கு எதுக்கு நானூறு? முன்னூத்தம்பதுன்னா நிம்மதி. தலைவலி இல்லாத இன்ஜின்."

பிறகு எமில் ஏதேதோ சப்பைக்கட்டு கட்டினான். ஜூன் வெயில் என்றான். நானூறு சூடேறும் என்றான். இதே வார்த்தைகளை வேறு எவனாவது சொல்லியிருந்தால் அவனை வாசல் வரை விரட்டிக்கொண்டு போய் வாதாடியிருப்பான். ரூடி ஒரு கணம் கல்லாப் பக்கம் திரும்பி லொரெட்டாவைப் பார்த்தான். அவள் காகிதத்தைப் பார்த்தாள்.

"எனக்கு நானூறுதான் வேணும்" என்றான் ரூடி. "நீ கட்டுன நானூறு. வேற எதுவும் வேண்டாம்."

எமில் கந்தல் துணியை மடித்தான், மறுபடி பிரித்தான். "சரி" என்றான்.

தனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் என்று லொரெட்டா நினைத்துக்கொண்டிருந்தது எமிலுக்கும் தெரியும் என்பது அந்த நிமிடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

போன இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது. ஒரே கார்பரேட்டருக்கு எமில் ஒரே கடைக்காரரிடம் மூன்று தடவை போன் செய்தான். முப்பது வருஷமாகப் போய் வரும் தேவாலய மண்டபத்துக்கு வழி தெரியாமல், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, பச்சை விழுந்த பிறகும் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "இடதா?" என்று கேட்டான், ஏதோ யோசனையில் இருந்தவன் மாதிரி. அவளும் ஏதோ யோசனையில் இருப்பவள் மாதிரி "இடது" என்றாள். டிசம்பரில் ஓர் இன்ஜினின் எண்ணெய்ச் சட்டியில் பாதி போல்ட்டுகள் ரெஞ்சால் முறுக்காமல் கையால் திருகியபடியே இருந்தன. அவள் பெருக்க வந்தபோது தற்செயலாகப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில், இன்ஜினை அடியிலிருந்து முடி வரை பூட்டும் வரிசையில் ஒரு பட்டியல் எழுதினாள். அதைக் கல்லாவில் சில்லறைத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். எமில் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து டார்ச்சும் ரெஞ்சுமாக இன்ஜின் ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். இருபத்தாறு வருஷம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளூர் மெக்கானிக்குகளில் பாதிப் பேரை விட அவளுக்கு இன்ஜின் தெரியும்.

எமிலின் அம்மா கடைசி மூன்று வருஷம் அவனைத் தன் அண்ணன் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆகவே இதற்கு என்ன பெயர் என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனாலேயே யாரும் சொல்லவும் இல்லை.

இதுவரை ஒப்பேற்ற முடிந்ததற்குக் காரணம், அந்தக் குளிர்காலம் முழுக்க வந்ததெல்லாம் முன்னூற்றைம்பது. அதை எமில் தூக்கத்தில்கூடக் கட்டுவான், கைக்கே தெரியும். நானூறு அப்படியில்லை. அதற்கென்று தனியாக நினைவில் வைக்க வேண்டிய சங்கதிகள் உண்டு. உள்ளே இடமில்லாததால் எடைச் சமன் வெளியில் இருக்கும். முன்னால் போடும் கனமான வளையமும் பின்னால் போடும் தட்டும் நானூறுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், தவறினால் இன்ஜின் பேய் பிடித்தது மாதிரி ஆடும். அதைவிட முக்கியம், ஆவித் துளை. நானூறின் சிலிண்டர்கள் அவ்வளவு அகலம் என்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் தண்ணீர் ஓட இடமில்லை. அங்கே நீராவி மாட்டிக்கொள்ளும். அது மேலே போய்த் தப்பிக்க பிளாக்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். மேலே மூடி மாதிரி பூட்டும் ஹெட்டிலும் அதே இடத்தில் துளை இருக்க வேண்டும். பழைய நானூறு ஹெட்டுகள் விரிசல் விட்டுவிடும் என்பதால் எமில் எப்போதும் முன்னூற்றைம்பதின் ஹெட்டுகளைத்தான் போடுவான். அவற்றில் அந்தத் துளை இருக்காது. ஒரு பக்கத்துக்கு ஆறு, இரண்டு பக்கமும் பன்னிரண்டு துளைகளை நாமே போட்டாக வேண்டும். போடாவிட்டால் இன்ஜின் ஓடும், நன்றாகவே ஓடும். வெயிலில், மெதுவாக, ஊர்வலம் போகிற வேகத்தில் ஒரு மைல் போன பிறகுதான் கொதிக்கும்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பியரோகிக் கொழுக்கட்டையை வெங்காயத்தோடு வதக்கி அவன் தட்டில் போட்டபடி லொரெட்டா சுற்றி வளைத்து ஆரம்பித்தாள். நானூறுக்கு நல்ல பிஸ்டன் கிடைக்கவில்லை என்று ரூடியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

"பிஸ்டன் கிடைக்குமே" என்றான் எமில்.

"கிடைக்கலைன்னு சொல்லிடலாம்."

அவன் ரொட்டியில் ரொம்ப நேரம் வெண்ணெயைத் தடவினான். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், லொரி. அவன் கேட்கலை."

அவள் சரி என்று விட்டுவிட்டாள். அப்போது இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று இரண்டே வார்த்தை. ஆனால் அதைக் கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானே என்ற பயம் அவளுக்கு. பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு இன்னொரு பியரோகியை எடுத்துப் போட்டாள்.

மே மாதம் பிஸ்டன்கள் வந்தன, வேலை தொடங்கியது. எமில் சந்தோஷமாக இருந்தான் என்பதுதான் கொடுமை. போல்கா மெட்டு ஒன்றை விசிலடித்தபடி சிலிண்டர்களை அளந்தான். வந்தவர் போனவர்களிடமெல்லாம் ரூடியின் நானூறு என்று காட்டினான். அவன் கை கிராங்க் தண்டைப் படுக்க வைக்கும் அழகைப் பார்த்தால், இந்த மனிதன் எதையாவது மறப்பான் என்று சொல்கிறவனுக்குத்தான் பைத்தியம் என்று தோன்றும். லொரெட்டாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. முன் வளையத்தைத் திருட்டுத்தனமாகத் தடவிப் பார்த்தாள்: விளிம்பில் நானூறுக்கான வெட்டு இருந்தது. பின் தட்டைப் பார்த்தாள்: எடை ஒட்டியிருந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட்டுகள் நானூறுக்கானவை, அவளே ஆர்டர் செய்தவை. எல்லாம் சரி. அவளுக்கு மூச்சு வந்தது. காய்ச்சல் மாதிரி வந்துவிட்டுப் போயிருக்கலாம் என்றுகூட நினைத்தாள். நினைப்புக்கு என்ன, எதையும் நினைக்கும்.

அவளுக்கும் வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது. அந்த வட்டாரத்தில் கல்யாணம் என்றால், வீட்டுப் பெண்கள் விதவிதமாகச் சுட்டுக் குவிக்கும் பிஸ்கட் மேஜை இல்லாமல் முடியாது. கேக் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், பிஸ்கட் மேஜை இளைத்திருந்தால் பத்து வருஷம் பேசுவார்கள். பெண்ணின் அம்மாதான் அதற்குத் தலைவி. ரெனேக்கு அம்மா இல்லாததால் லொரெட்டா அந்தப் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். வாதுமைப் பூரணம் வைத்த கொலாச்கி மட்டும் நாற்பது டஜன். ஞாயிற்றுக்கிழமை முதல் தவணை சுட்டு ஐந்து டின்களில் அடுக்கினாள். சமையல்கட்டில் இடமில்லை. பட்டறையின் பின்மூலை குளிர்ச்சி. அங்கே நிற்கும் பெரிய டிரில் மெஷினின் மேஜைக்கு எலி ஏற முடியாது. அதன் மேல் டின்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டி, தன் வழக்கப்படி இரட்டை முடிச்சுப் போட்டாள்.

வெளியே கழுவக் கொடுத்திருந்த ஹெட்டுகள் திங்கட்கிழமை வந்தன. புதன்கிழமை எமில் அவற்றைப் பூட்டிவிட்டான். டார்க் ரெஞ்ச் சொடுக்கும் சத்தத்தைக் கல்லாவிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு, மறுபடி பதினேழு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

சனிக்கிழமை காலை, டின்களைத் தேவாலயத்துக் குளிர்பெட்டியில் கொண்டு போய் வைக்கலாம் என்று பின்மூலைக்குப் போனாள். முடிச்சை அவிழ்க்க விரலை வைத்தாள். அது அவள் போட்ட முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை போட்டது. அவிழவில்லை, நகரவில்லை. ஹெட்டுகளை வைத்துத் துளை போட வேண்டிய மேஜை அதுதான். டின்களைச் சுற்றி மேஜையில் படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை. வார்ப்பிரும்பைத் துளைத்தால் சுருள் சுருளாக வராது, கறுப்பு மாவாகக் கொட்டும். தொட்டால் விரலில் பென்சில் தூள் மாதிரி ஒட்டும். அந்த மாவு மேஜையிலும் இல்லை, தரையிலும் இல்லை. தினமும் பெருக்குகிறவள் அவள். இந்த வாரம் அவள் முறத்தில் அது வரவே இல்லை.

ஒருவேளை கை டிரில்லால் போட்டிருப்பானோ என்று ஒரு நப்பாசை. போட மாட்டான். துளை கோணினால் பாவம் என்பான்.

எமில் பிளாக்குக்குப் பெயின்ட் அடிக்க ஆரஞ்சு நிற டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தான். லொரெட்டா பக்கத்தில் போய் நின்றாள். பெஞ்சில் கிடந்த கந்தல் துணியை மடித்தபடி, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"எமில், ஆவித் துளை போட்டியா?"

அவன் சிரித்தான். "என்ன கேள்வி இது? யார்கிட்டக் கேக்கறே?"

"எப்போ போட்டே?"

"இப்பதான், இந்த வாரம். ரேடியோல பேஸ்பால் ஓடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டாவது ஹெட்ல நாலாவது துளை போடறப்ப பிட்டு நழுவிக் கட்டை விரல்ல கீறிடுச்சு. கேஸ்கெட்டை மேல வெச்சு குறி போட்டோம். ஸ்டான்லிதான் நகராம பிடிச்சுக்கிட்டான். பிடிச்சுக்கிட்டே, உனக்கு வயசாயிடுச்சுன்னு கிண்டல் வேற."

சொல்லி முடித்த பிறகும் அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஸ்டான்லி எமிலின் தம்பி. அவனைப் புதைத்துப் பதினோரு வருஷமாகிறது.

எமில் தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தான். அதில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது, மிகவும் பழையது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெயின்ட் டப்பாவை மெதுவாக பெஞ்சில் வைத்தான்.

"ரெஞ்சை எடு" என்றான்.

இருவரும் சேர்ந்து முதல் ஹெட்டைக் கழற்றினார்கள். அவன் போல்ட்டுகளைத் தளர்த்தினான், அவள் ஒவ்வொன்றாக வாங்கித் தட்டில் போட்டாள். ஹெட்டைத் தூக்கி பெஞ்சில் மல்லாத்தினார்கள். பளபளவென்று வழவழப்பாக இருந்தது. கேஸ்கெட்டில் ஆறு துளை, கீழே பிளாக்கில் ஆறு துளை. ஹெட்டில் அதே இடங்களில் வெறும் இரும்பு. எமில் ஒவ்வோர் இடமாக விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான், கண்ணை நம்பாதவன் போல. லொரெட்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹெட்டுக்காக இல்லை. அந்த விரலுக்காக.

"இன்னொண்ணையும் கழட்டணும்" என்றான். கழற்றினார்கள். அதுவும் அப்படியே.

அந்த நேரம் பார்த்துத்தான் ரூடி வந்தான். இன்ஜின் முடிந்திருக்கும், எடுத்துப் போக நாள் குறிக்கலாம் என்று, கையில் மூன்று காப்பியோடு உள்ளே வந்தவன், மல்லாந்து கிடந்த ஹெட்டுகளைப் பார்த்து நின்றான். லொரெட்டா முந்திக்கொண்டாள். அந்தப் பொய் அவள் நாக்கில் பல மாதமாகத் தயாராக இருந்தது.

"கேஸ்கெட் சரியில்லை ரூடி. வரும்போதே அப்படித்தான் வந்திருக்கு."

"ஆமா, இப்பல்லாம் அப்படித்தான் வருது" என்றான் ரூடி. கேஸ்கெட்டை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு வேகமாக ஒத்துக்கொண்டான்.

எமில் அவளைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். ஒரு காப்பியை வாங்கி, குடிக்காமல், பெஞ்சில் வைத்தான்.

"துளை போட மறந்துட்டேன்" என்றான்.

"யாருதான்டா மறக்கலை. நான் தண்ணியை வடிக்க மறக்கலையா? அதனாலதானே இன்ஜினே போச்சு."

"அது வேற. ஸ்டான்லி இங்க நின்னு கேஸ்கெட்டைப் பிடிச்சான்னு இப்ப இவகிட்ட சொன்னேன்."

பட்டறையில் கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரூடி போய் அதை அணைத்தான். எதையாவது செய்ய வேண்டும் என்று செய்த மாதிரி இருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றான் எமில்.

ரூடி லொரெட்டாவைப் பார்த்தான். இந்தத் தடவை அவளும் அவனைப் பார்த்தாள்.

"பிப்ரவரியில ரொட்டிக் கடையில பார்த்தோமே" என்றான் ரூடி. "இர்மா எப்படியிருக்கான்னு கேட்டே. நல்லாயிருக்கான்னு சொன்னேன். நான் விசாரிச்சதா சொல்லுன்னே. சொல்றேன்னேன்."

எமில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இர்மாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவன் ஒருவன்.

"தெரிஞ்சுக்கிட்டு ஏன்டா நானூறு கேட்டே?"

"வேற என்ன செய்யச் சொல்றே? முன்னூத்தம்பதே போதும்னு நான் தலையாட்டியிருந்தா, உன் மூஞ்சிக்கு நேரா அதைச் சொன்ன மாதிரி ஆயிருக்கும். என்னால முடியலை. கொதிச்சா கொதிக்கட்டும், ஓரமா நிறுத்திக்கலாம்னு நினைச்சேன்."

"ரெனேயை உள்ள வெச்சுக்கிட்டா?"

ரூடி மீதி இரண்டு காப்பியையும் பெஞ்சில் வைத்தான்.

எமில் கத்தவில்லை. கத்தியிருந்தால் லொரெட்டாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் நின்ற இடத்திலேயே நின்று, ஆளுக்குப் பாதியாக இருவரையும் பார்த்துப் பேசினான்.

"நான்தான் சொன்னேனே. இருபத்தாறு வருஷம் நானூறு நானூறுன்னு தொண்டை கிழியக் கத்துனவன், நானூறு வேண்டாம்னு சொன்னேன். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? அந்த வார்த்தை என் வாயில வரலை. இதுதான் வந்துச்சு. ரெண்டு பேரும் கேட்டுட்டு, கேக்காத மாதிரி இருந்துட்டீங்க."

லொரெட்டாவின் கண் பின்மூலையில் கட்டு அவிழாமல் நின்ற பிஸ்கட் டின்களின் மேல் போனது. டிசம்பரிலிருந்து அவனுக்காகப் பயந்தாள், அவனுக்காக ஒளித்தாள், அவனுக்காகப் பொய் சொல்லத் தயாரானாள். அவன் சொன்னதைக் காதில் வாங்குவது ஒன்றைத்தான் செய்யவில்லை. அன்று பேனா நின்றதே, அப்போது எழுந்து போய் ரூடியின் முன்னால் நின்று, எமில் சொல்கிறபடி கேள் என்று சொல்லியிருந்தால் போதும். அவன் இத்தனை நாள் தனியாக அந்த இன்ஜினோடு நின்றிருக்க மாட்டான். இதை நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ரூடி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "இப்பக் கேக்கறேன்" என்றான். "எதைடா எடுத்துக்கட்டும்?"

"முன்னூத்தம்பது."

"சரி."

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது, முன்னூற்றைம்பதுக்கு அது தாராளம். எமில் நானூறின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தினான். ரூடி உதவ வந்தபோது வேண்டாம் என்று கையால் தடுத்தான். பிறகு லொரெட்டாவின் பக்கம் திரும்பினான்.

"கல்லாவுல சில்லறைத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கியே, அந்தக் காகிதத்தை எடுத்துட்டு வா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போய் எடுத்து வந்தாள். மடிப்புகள் அவள் மடித்ததைவிட நைந்திருந்ததை இதுவரை அவள் கவனித்ததில்லை.

"நீ சமைக்கப் போனதும் தினம் எடுத்துப் பார்ப்பேன்" என்றான் எமில். "ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பார்த்துட்டு மறுபடி வெச்சிடுவேன். புதன்கிழமையும் பார்த்தேன். எல்லாம் செஞ்சிருந்தேன். துளை அதுல இல்லை."

அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். நானூறு என்று முடிவானதும் பட்டியலில் அதைச் சேர்க்கத்தான் நினைத்தாள். முன் வளையத்தை எழுதினாள், பின் தட்டை எழுதினாள். மூன்றாவதாகத் துளையை எழுதப் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். எமில் ஹுடாக் ஆவித் துளையை மறப்பான் என்று ஒளித்து வைக்கிற காகிதத்தில்கூட எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

"எழுது" என்றான்.

"முன்னூத்தம்பதுக்கு அது வேண்டாமே, எமில்."

"பரவாயில்லை. எழுது."

அவள் எழுதினாள். ஆவித் துளை, பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. எமில் காகிதத்தை வாங்கி, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, இன்ஜின் ஸ்டாண்டுக்கு நேர் மேலே சுவரில் டேப்பால் ஒட்டினான். ரூடி மேல் மூலையைப் பிடித்துக்கொண்டான். ஒட்டி முடித்துப் பின்னால் நகர்ந்து, எமில் அதை மேலிருந்து கீழே வரை ஒரு தடவை படித்தான். பிறகு மறுபடி மேலே போய், முதல் தடவை படிக்கிறவன் மாதிரியே இன்னொரு தடவை படித்தான்.